சைபர் வாங்கிய கொடி

இராயக்கோட்டை தாண்டி
தக்காளி லாரிகள் மண்டிக்குத் திரும்பும் இடத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு திராட்சைக் கொடிகள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் அலுமினியத் தகடு.
இலைகளுக்கு மார்க்கு போடுவது என் வேலை.
நாள்கூலி நானூற்று இருபது. பேனா அவர்களுடையது.

சாம்பல் நோய் இலை முழுக்க வெளுத்திருந்தால் ஒன்பது.
ஒரு பொட்டும் இல்லையென்றால் சைபர்.
சைபர்தான் முதல் ரேங்க் என்றதும்
சிரித்துவிட்டேன்.
பத்தாவது கணக்கில் நான் வாங்கியதை
யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தை மாதம். விடியலில் பல் கிட்டும் குளிர்,
பத்து மணிக்கு ஸ்வெட்டர் இடுப்பில்.
நோய்க்குப் பிடித்த காலம் இது.
இங்கே கந்தகம் தூவக் கூடாது.
நாலு வரிசைக்கு ஒரு வரிசை
நோய் கண்ட பன்னீர்த் திராட்சையை
நாங்களே நட்டிருக்கிறோம்,
எல்லார் மேலும் தும்மட்டும் என்று.

பன்னீர் பாவம்.
பவுடர் அப்பிக்கொண்டு
கல்யாணத்துக்குக் கிளம்பியவள்போல் நிற்கிறாள்,
கீழே காய் வெடித்து விதை தெரிகிறது.
ஒன்பது. ஒன்பது. எட்டு. ஒன்பது.

பதினாலாம் வரிசை, ஆறாம் கொடி.
சொரசொரத்த இலை, அடியில் பழுப்பு ரோமம்,
எங்கிருந்தோ வந்த காட்டுச் சாதி.
ஊசி முனையால் சுட்டதுபோல் கறுப்புப் புள்ளிகள்.
ஒன்று போட்டேன்.
ஆய்வகத்து ஷாகிரா லென்ஸ் வைத்துப் பார்த்து
அடித்துச் சைபராக்கினாள்.
"நோயில்லைக்கா. பூஞ்சை கால் வைத்த செல்
தானே செத்துப்போன தடம்.
உயிருள்ளதில்தான் அதுக்குச் சோறு."

ஒரு வீடு எரிந்து தெரு பிழைத்த கதை.
அந்த ஒரு வீட்டில் யார் இருந்தார்கள்
என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் பதினைந்தாம் வரிசைக்குப் போய்விட்டாள்.

பழத்தைப் போன பருவத்தில்
யாரும் பார்க்காதபோது தின்றிருக்கிறேன்.
மிளகளவு. நாக்கு மடங்கிக்கொண்டது.
அதன் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுப்
பன்னீர்ப் பூவில் தடவிக்
காகித உறை மாட்டுகிறார்கள்.
பிறக்கும் நூறில் எத்தனைக்கு
அவள் இனிப்பும் இவன் சுரணையும் சேர்ந்து வரும்?
ஏழு வருஷம் ஆகும் என்கிறாள் ஷாகிரா.
நான் அதுவரை கூலிக்கு வருவேனா தெரியாது.

வேலிக் கம்பியில் பிரண்டை ஏறிக் கிடக்கிறது.
திராட்சைக்குப் பங்காளி முறையாம்.
தகடு இல்லை, வரிசை இல்லை.
மூன்று பருவமாய்ப் பார்க்கிறேன்,
ஒரு வெள்ளைத் துகள் ஒட்டவில்லை.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
என் கணக்கில் ஒரு சைபர் போட்டுவைத்தேன்.

சாயங்காலம் துவையலுக்கு நாலு கணு ஒடித்தேன்.
எண்ணெய் தடவிக்கொள்ள மறந்து
இரவெல்லாம் கை அரித்தது.