முந்திரித் தோடு

பண்ருட்டி காந்தி ரோட்டில்
பதினோரு மணி வெயில்
கண்ணாடிப் பெட்டிக்குள் பாதிவரை வந்திருந்தது.
மாங்காய் மாலையை எடுத்து வைத்தேன்.
வேண்டாம் என்றாள் காடாம்புலியூர் அஞ்சலாட்சி.
நெல்லிக்காய் மணி, மிளகுச் சரம், கோதுமைச் செயின்.
"வேணாம். வேணாம். அது கழுத்தைக் கடிக்கும்.
முந்திரிப்பழத்துல தோடு இருக்கா?
பழம் மேல. கொட்டை கீழ, வெளிய."

முந்திரியில் யாரும் நகை செய்வதில்லை என்றேன்.
மாங்கனிக்காவது ஒரு கதை இருக்கிறது:
உலகத்தைச் சுற்றியவனுக்கா
அம்மையப்பனைச் சுற்றியவனுக்கா என்று
விற்பனைக்காக நான் மனப்பாடம் செய்தது.

முழுசாய்க் கேட்டாள்.
"ஒரு பழம், ரெண்டு புள்ள.
அறுத்துக் குடுக்கத் தெரியாத வீட்டுக் கதைய
நான் எதுக்குக் கழுத்துல மாட்டணும்?"

பிறகு அவள் கதை.
எல்லா விதையும் போலப் பழத்துக்குள்தான் இருந்ததாம் அதுவும்.
ஒரு ராத்திரி தோப்புக்கு அப்பால் மேளச் சத்தம்.
என்னவென்று பார்க்கத் தலையை நீட்டியது.
திரும்பினால்
பழம் மூடிக்கொண்டுவிட்டது.
"வெளிய நின்னவ தன்னத்தானே காப்பாத்திக்கணும் இல்ல?
அதான் ஓட்டுக்குள்ள
தொட்டா எரியிற எண்ணெ."

உள்ளங்கைகளைக் கண்ணாடிமேல் விரித்தாள்.
பதினேழு வருஷம் உடைத்த கொட்டை.
ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
ரேஷன் கடை மிஷின் மாதாமாதம்
அவளை அவள் இல்லை என்கிறது.
"பள்ளிக்கூடத்துல எதுக்கும் முதல்ல கை தூக்குவேன்.
முந்திரிக்கொட்டைன்னு பேர் வச்சாரு வாத்தியார்.
புகுந்த வீட்லயும் அதே பேரு,
யாரு போய்ச் சொன்னாங்களோ."

அச்சு இல்லையே என்றார்
பட்டறையிலிருந்து தெய்வசிகாமணி ஆச்சாரி.
அவள் சேலை முடிச்சில் இருந்தது அச்சு:
ஓட்டோடு ஒரு பிஞ்சு.
மெழுகில் வைத்து
அவளே கட்டைவிரலால் அழுத்தினாள்.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிய ஆச்சாரி
கொட்டையின் வளைவைப் பார்க்கவில்லை.
விரல் பதிந்த குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
என் விரலோ அவர் விரலோ பட்டிருந்தால்
தேய்த்து எடுக்க வேண்டும்.
அதில் தேய்க்க ஒன்றுமில்லை.
"இந்தக் குழியையும் சேத்தே வார்க்கட்டுமா?"
"அதுக்குத் தனிக் கூலியா?"

பன்னிரண்டாம் நாள் வந்தாள்.
பழத்துக்குச் சிவப்புக் கல். கொட்டை மட்டும் தங்கம்,
ஜோடி நாலு கிராமுக்கு ஒரு குன்றிமணி குறைவு.
செய்கூலியில் நூறு ரூபாய் குறைத்தேன்,
முதலாளிக்குத் தெரியாது.
கண்ணாடியில் குழி தெரியவில்லை.
அது பின்பக்கம்,
கழுத்து தொடுகிற இடத்தில்.

வாசலில் இறங்கினாள்.
பலாப்பழ லாரி ஒன்று
ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது.
அவள் ஒதுங்கவில்லை,
தோடு ரெண்டும் ஆட
முந்திக்கொண்டு கடந்தாள்.