ஒன்பதாம் படிவம்

அழகுக்கு ஐந்தில் ஐந்து.
அதை முதலிலேயே எழுதிவிட்டேன்,
ஆள் உள்ளே வருவதற்கு முன்பே.
யார் வந்தாலும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள்.

கறுப்பு. ஈரக் கூழாங்கல்லின் கறுப்பு.
மேல்தட்டை விரல் தொட்டால் போதும்,
நேராகப் போகாமல் கொஞ்சம் வளைந்து
பாலாடை விலகுவதுபோல் சறுக்கி
கடைசியில் ஒரு டக்.
அந்த டக்குக்காக
மூன்று பொறியாளர்கள் ஒரு கோடையை இழந்தார்கள்.
இங்கே கோடை என்பது ஆறு வாரம்.

அடியில் எண்கள்.
மும்மூன்றாய் வரிசையில் இல்லை.
நத்தை ஓடு.
நடுவில் ஒன்று, சுற்றிச் சுற்றி வெளியே வந்தால்
விளிம்பில் பூஜ்யம்.
வரைந்தவர் ரய்தா ஹொல்ம்ஸ்த்ரோம்.
ஹெல்சின்கியிலிருந்து வந்து
"பழைய கட்டம் ஒரு சிறை" என்று சொல்லிவிட்டு
மதிய ரயிலில் திரும்பிப் போனார்.

தம்பெரே. பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஜன்னலில்லாத அறையில்
ஒரு மேஜை, ஒரு கேமரா, ஸ்டாப்வாட்சோடு நான்.
எட்டுப் பேர் முடிந்திருந்தார்கள்:
மாணவர்கள், ஒரு பல் டாக்டர்.
தடுமாறினார்கள், சிரித்தார்கள்,
பழகிவிடும் என்றார்கள்,
சினிமா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒன்பதாவது, துய்ரே ஹர்யுலா.
காகித ஆலையில் கிரேன் ஓட்டுபவர்.
கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.
கை வெளியே வந்த பிறகும்
அது கையாகவே கிடந்தது.

பணி நான்கு:
உங்களுக்கு மனப்பாடமான ஓர் எண்ணை அழுத்துங்கள்.

கட்டைவிரல் இறங்கியது.
நின்றது.
மாடிப்படி முடிந்தது தெரியாமல்
இன்னொரு படியைத் தேடும் கால்போல
கொஞ்ச நேரம் காற்றில்.

"எண் மறந்துவிட்டதா?"
கேட்கக் கூடாது. கேட்டேன்.

"எனக்கு அது எப்போதுமே தெரியாது" என்றார்.
"மேலே இடது, நடுவில், ஒரு குதி, கீழே,
அப்புறம் அங்கேயே இரண்டு தட்டு.
அப்படித்தான் போகும்.
இருபது வருஷமாய் விரல்தான் போன் போடும்,
நான் பேசுவேன்.
ஆறு வருஷமாய்ப் பேச்சும் இல்லை."

யாருடைய எண் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

முதல் முறை, கெமியில் ஏதோ மரக்கடை.
"பலகையா, விறகா?" என்றது ஒரு குரல்.
இரண்டும் வேண்டாமென்று
போனைப் பார்த்துத் தலையசைத்தார்.
இரண்டாம் முறை
அப்படி ஓர் எண்ணே இல்லை.

போனைக் கீழே வைத்தார்.
காபியில் விரல் நனைத்து
மேஜைமேல் ஒரு கட்டம் கீறினார்:
ஒன்பது வீடு, அடியில் தனியாய் ஒன்று.
கண்ணை மூடி
கட்டைவிரலை அதன்மேல் நடக்கவிட்டார்.
அது போன வழியைப் பார்த்துப் பார்த்து
என் படிவத்தின் மூலையில் எழுதினேன்.
சோதிப்பவர் உதவக் கூடாது என்பது
அதே படிவத்தின் முதல் வரி.

மணி அடித்தது. ஏழாவதில் எடுத்தார்கள்.
ஹலோ இல்லை. மூச்சு.
பின்னால் டிவியில் பனிச்சறுக்குப் போட்டி.

"நான்தான்."
"வேறே எண் காட்டுதே."
"இரவல் போன்."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஸ்டாப்வாட்சை நிறுத்தலாமா என்று யோசித்தேன்.

"இந்தக் குளிரில் கார் ஸ்டார்ட் ஆகுதா?"
"ஆகுது."
"சரி."

டக்.

"மூடும் சத்தம் பரவாயில்லை" என்றார்,
"என் வீட்டு பிரிட்ஜ் மாதிரி."
சினிமா டிக்கெட் வேண்டாமாம்.
மூலையைக் காட்டினார்.
கிழித்துக் கொடுத்தேன்.
மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டார்.

மாலையில் அவுலிக்கி படிவங்களைப் புரட்டினார்.
நேரம், பதினொரு நிமிடம். பிழை, இரண்டு.
"எண்பலகைக்கு எத்தனை மதிப்பெண்?
அந்தப் பெட்டியையே காணோமே."

மூலையில்தான் இருந்தது
அந்தப் பெட்டியும்.