சொறி

தடைக்காலத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.
தூத்துக்குடிக்கு கியர்பாக்ஸ் வாங்கப் போன ராத்திரி,
லாட்ஜின் மூன்றாம் மாடியில்
உறை கிழிந்திருந்ததை
முடிந்த பிறகுதான் பார்த்தேன்.
அவள் பார்த்தாளா, தெரியாது.
ஃபேன் சத்தத்தில் ஏதோ சொன்னாள்.
நான் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் எல்லோரும் நாள் எண்ணுகிறார்கள்,
அறுபத்தொன்று.
விசைப்படகுகள் கரையேறி
வயிறு காட்டிப் படுத்துக் கிடக்கின்றன.
பழைய பெயின்ட்டைச் சுரண்டி,
பலகையில் புழு விழுந்திருக்கிறதா என்று
தட்டித் தட்டிக் காது வைக்கிறார்கள்.
என் கணக்கு தொண்ணூறு.

பதினோராம் நாள் தொண்டை.
பதினான்காம் நாள் கக்கத்தில் ஒரு முடிச்சு.
அமுக்கி அமுக்கியே அதைப் பெரிதாக்கினேன்.
செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்தால்
நாக்கு வெள்ளை.
காலையில் தின்ற இடியாப்பமா,
வேறு ஏதுமா?
அதே போனில் தேடினேன்.
எந்த நோயைத் திறந்தாலும்
உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன்.
ஓரியூருக்கு நேர்ந்துகொண்டேன்,
எதற்கென்று அருளானந்தரிடமும் சொல்லாமல்.

இரவில் வியர்க்கிறது.
மே மாதம், கரண்ட் போன வீடு,
பக்கத்தில் ஜெசிந்தாவுக்கும் வியர்க்கிறது.
அதைப் பார்த்ததும் இன்னும் பயந்துபோய்
பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.
"காத்து வாங்கப் போறேன்."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
டம்ளரைத் தனியே வைத்தேன்,
டம்ளரால் வராது என்று தெரிந்தே.
கடன் என்று நினைத்திருப்பாள்,
இல்லை டிபி என்று.
ஒருநாள் கேட்காமலே
ஆட்டுக்கால் சூப் வைத்தாள்.

முப்பதாம் நாள் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
உச்சிப்புளியில் பஸ் ஏறிய அந்தோணிப்பிச்சை
"எங்க மாப்ள?" என்றான்.
"பல்லு" என்றேன்.
பட்டணம்காத்தான் தாண்டுவதற்குள்
நிஜமாகவே பல் வலித்தது.

நம்பிக்கை மையம் என்று பலகை.
உள்ளே ஒரு மேசை, ஒரு பச்சைத் திரை, சைத்தூன் மேடம்.
"நடந்து எத்தனை நாள் ஆச்சு?"
ஏலத்தில் எத்தனை கிலோ என்று கேட்கிற குரல்.
அந்தக் குரலுக்குத்தான் அழுதேன்.
"இப்ப ஒண்ணும் இல்ல.
மூணு மாசம் முடிஞ்சு ஒருக்கா வாங்க.
அதுவரை வீட்டுல ஒறை இல்லாம வேணாம்.
டார்ச் அடிச்சுப் பாக்குறத விடுங்க.
அந்தப் பொண்ணையும் வந்து பாக்கச் சொல்லலாமே,
பேரு என்ன?"
கேட்கவில்லை என்பது
அங்கேதான் எனக்கு உறைத்தது.
அவளும் எங்கோ ஒரு கண்ணாடி முன்
நாக்கை நீட்டி நிற்கலாம்,
என்னை எண்ணிக்கொண்டு.

எழுபதாம் நாள் கடல் திறந்தது.
முதல் மடியில் இறால் கொஞ்சம்,
மீதியெல்லாம் சொறி,
கொழகொழவென்று, வெள்ளையும் ஊதாவுமாய்.
அள்ளி எறிந்ததில் முழங்கைவரை தடித்தது.
அந்த உயிருக்கும் அந்த அரிப்புக்கும்
எங்கள் கரையில் ஒரே பேர்தான்.
நாலு பேரும் சொறிந்தார்கள்,
கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தார்கள்.
நான் மட்டும் திரும்பி நின்று
தடிப்புகளை எண்ணினேன்.
இருபது வருஷமாய் இதே கை, இதே சொறி.
ஒருநாளும் இதை
எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை.

தொண்ணூற்றிரண்டாம் நாள் துண்டுச் சீட்டு.
இல்லை.
மேடம் இரண்டு தரம் வாசித்தார்.
மூன்றாம் தரம் கேட்க வாய் வந்தது,
மூடிக்கொண்டேன்.
வெளியே வந்து டீ குடித்தேன். நாக்கு சுட்டது.
சுட்டது என்று மட்டும் நினைத்தேன்,
கொஞ்ச நேரம்.

ராத்திரி பாயைக் கீழே இறக்கினேன்.
டம்ளரை மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தேன்.
ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"காத்து போதுமா?" என்றாள்.
இருட்டில் கை தானாகக் கக்கத்துக்குப் போகிறது.
தேடுகிறது.
சொல்ல வேண்டியது தொண்டையில் நிற்கிறது,
பதினோராம் நாள் வந்த அதே இடத்தில்.

போன கரண்ட் வருகிறது.
ஃபேன் சுற்றத் தொடங்குகிறது.
அந்தச் சத்தத்தில் அவள் ஏதோ சொல்கிறாள்.
எழுந்து ஃபேனை அணைக்கிறேன்.
"என்ன சொன்ன?"