அடுப்பு கேட்காத மாவு

அகாதிக் ஊரில் எங்கள் ரொட்டிக்கடைக்கு வயது இருபத்தாறு.
என் புருஷன் எவோதியோவுக்குச் சர்க்கரை
முந்நூற்றுப் பன்னிரண்டு.
சீட்டை நாலாய் மடித்து
மாவு மூட்டைக்கு அடியில் செருகினார்.
"விற்றது போக மிச்சம்" என்றார்.
நான் சிரிக்கவில்லை.

ஜூலையில் இடது கால் சுண்டுவிரல் போயிற்று.
டாக்டர் பெண் எங்கள் வாடிக்கைக்காரி.
சோறு, சோளம், உருளைக்கிழங்கு என்று
ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே வந்தவள்
சிப்பி வரி போட்ட கோன்ச்சா பன்னில்
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
பிறகு அதையும் அடித்தாள்.
காகிதத்தில் மிஞ்சியது
முட்டை, கீரை, சியா.

சியாவா!
ஊரைத் தாண்டினால் அதுதானே வயல் வயலாய்.
பெரிய வெள்ளிக்கு முந்தைய வெள்ளியில்
எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை கொட்டி,
வாசலில் வைத்து வந்தவர்க்கெல்லாம் ஊற்றுவோம்.
சர்க்கரை இல்லாமல் அதைக் குடித்தவர்
எங்கள் தெருவில் இல்லை.

முதல் ராத்திரி
தேங்காய்ப்பாலில் போட்டு மூடிவைத்தோம்.
காலையில் மேலே தண்ணீர், அடியில் கட்டி.
"தவளை முட்டை" என்றார் எவோதியோ.
கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்
அப்போதுதான் இறக்கிய பன்களின்மேல்
முகத்தைக் கவிழ்த்து நின்றார்.
ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி வெளுத்தது.
துடைக்கவில்லை.
நான் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் பிசைகிற கைக்கு ரோஷம் உண்டு.
மறுநாள் தராசு எடுத்தார், கடிகாரம் வைத்தார்.
மூன்று கரண்டி விதை, ஒரு கோப்பை பால்.
கலக்கிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும்.
அதற்குள் ஒவ்வொரு விதையும்
தன்னைச் சுற்றி வழவழப்பாய் ஒரு சட்டை போட்டுக்கொள்ளும்.
பக்கத்து விதையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும்.
அந்த நேரம் பார்த்து
மறுபடி கலக்கிப் பிரித்துவிட வேண்டும்,
பள்ளிக்கூட வரிசையில் அண்ணன் தம்பியைப் பிரிப்பதுபோல்.
பிறகு ராத்திரி முழுக்கக் குளிரில்.
லவங்கப்பட்டை, வெனிலா,
ஒரு சிட்டிகை உப்பு.
உப்பு நாக்கை ஏமாற்றும் என்றார்.
நாக்கை ஏமாற்றிப் பிழைத்த மனுஷர்,
தெரியாமலா சொல்வார்.

விதையைப் பொடித்து,
முட்டையும் சீஸும் சேர்த்து
தட்டையாய் ஒன்று சுட்டார்.
ஓரம் கருகிற்று, நடு நெகிழ்ந்தது.
ரொட்டி இல்லை;
ரொட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி.
அவகாடோவை நசுக்கித் தடவி
இரண்டு தின்றார்.
மூன்றாவதை எனக்குப் பாதி கொடுத்தார்.

கை தாராளம், குறைத்துச் செய்ய வராது.
ஆறு கோப்பை மீந்தது.
கண்ணாடிப் பெட்டியின் கடைசி மூலையில்
பெயர் எழுதாமல் வைத்தேன்.
மூன்று வாரம்
ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு எதிர்க்கடைப் பையன் வந்தான்.
எதிர்க்கடை ட்ரான்கிலினோவோடு
பதினொரு வருஷமாய்ப் பேச்சில்லை,
ஒரு மூட்டை மாவுத் தகராறு.
"அம்மாவுக்கு" என்றான் பையன், கோப்பையைக் காட்டி.
தினமும் வந்தான்.
தினமும் காலிக் கோப்பை கழுவி வந்தது.
ஒருநாள் விளிம்பில்
காய்ந்த மாவோடு ஒரு கட்டைவிரல் ரேகை.
பையன் பெட்டி சுமக்கிறவன்,
பிசைகிறவன் இல்லை.

எவோதியோ அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் தூக்கிவைத்து
பில் காகிதத்தைக் கிழித்து எழுதினார்:
மூன்று கரண்டி. ஒரு கோப்பை.
பத்து நிமிஷம் கழித்து மறுபடி கலக்கு, மறக்காதே.
மூடிக்கும் கோப்பைக்கும் நடுவே வைத்தார்.
எனக்குச் சொல்லவில்லை.

அதன்பின் பையன் வரவில்லை.
இருந்த ஒரே வாடிக்கையும் போயிற்று என்று
நான் திட்டினேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு
தெருவில் இரண்டே விளக்கு, எங்களது, அவர்களது.
எதிர்ப்பக்கம் கண்ணாடியில் கரண்டி மோதும் சத்தம்.
நின்றது.
எவோதியோ பிசைவதை நிறுத்திவிட்டு
கடிகாரத்தைப் பார்த்தார்.
எட்டு. ஒன்பது.
"அவசரக்காரன்" என்று முணுமுணுத்தார்.
பத்து.

மறுபடி சத்தம் கேட்டது.
மாவுக்குள் கையை இறக்கினார்.