நன்னீர் வில்லை

கடலுக்கு மேல் ஓரடி தண்ணீர் நின்றால்
கடலுக்குக் கீழ் நாற்பதடி தொங்கும்.
இவ்வளவுதான் முதற் பாடம்.
சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள்
உப்பின் மேல் மிதக்கிறது நாம் குடிக்கிற வில்லை.
அதன் அடிவயிற்றை யாரும் கண்டதில்லை.
நான் அதைத்தான் வரைகிறேன்,
பதினோராயிரம் முக்கோணங்களால்.

மாரியில் கொழுக்கும். பங்குனியில் ஒட்டும்.
ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியிடம்
எவ்வளவு வளைவது என்று கேட்டபடியே நகரும்.
எங்கோ ஒரு மோட்டர் இழுத்தால்
உப்பு கீழிருந்து கூம்பாய் எழும்பும்.
அங்கே என் முக்கோணங்கள் ஒடுங்கி, ஊசியாகி,
கணக்கு உடைந்து திரை வெறுமையாகும்.
திரும்பவும் பின்னுவேன். கரண்ட் போகும். திரும்பவும்.

புத்தூரில் வெங்காயத்துக்கு இறைத்தபடி
கிருபைராசா லப்ரொப்பை எட்டிப் பார்த்தார்.
"உதில என்ர கிணறு எது, பிள்ளை?"
காட்டினேன்.
"இவ்வளவு கூராவோ நிக்குது?"
மோட்டரை நிற்பாட்டவில்லை. வெங்காயம் காயுதே.

நாற்பத்தேழு கிணறுகளில் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை.
நீர்வேலி, எண் முப்பத்தொன்று.
மொடல் உப்பு என்றது, மீற்றர் நன்னீர் என்றது.
மூன்று கிழமை சமன்பாட்டைச் சந்தேகித்தேன்,
கல்லை, மாறிலியை, என்னை.
பிறகு நேரே போனேன்.
கேற்றில் துருப்பிடித்த ஆமைப்பூட்டு.
மதிலுக்கு மேலால் எட்டினால் கப்பியில் குளவிக்கூடு.
மாதிரி எடுத்துவந்த தர்சீகன்
மதிலேறிக் குதித்ததைச் சொல்லவே இல்லை.

ஆறு பேரும் ஒரு மோட்டரும் என்று எழுதியிருந்த இடத்தில்
பூச்சியம் என்று தட்டினேன்.
கூம்பு மெல்லச் சரிந்து
பரப்போடு பரப்பானது.

ஓகஸ்டில்
தர்சீகன் மறுபடி மதிலேறி விட்டுவந்த உணரி
ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு நடுங்கியது.
பிறகு நாலரைக்கு. பிறகு மத்தியானம் முழுக்க ஒன்றுமில்லை.
இரவு பதினொன்றுக்கு இரண்டு தரம்.
யாரோ வந்திருக்கிறார்கள்,
இன்னும் அந்த நாட்டு நேரத்தில் குளிக்கிறார்கள்.
இருபத்தொரு நாள் நீர்மட்டம் குழிந்தும் நிமிர்ந்தும் கிடந்தது.
பிறகு கோடு நேரானது.

உப்பும் திரும்பிப் படுத்தது,
பழைய இடத்தில் இல்லை:
இரண்டு சென்ரிமீற்றர் மேலே.
அதற்கு என் சமன்பாட்டில் உறுப்பு இல்லை.
இப்போதைக்கு வழு என்று எழுதிச்
சேமித்து வைத்திருக்கிறேன்.