விசில்

உண்ணிச்செடியைத் தலையில் வெட்டினால்
மூன்றே மாதத்தில் திரும்பி வந்து நிற்கும்,
வட்டிக்காரனைப்போல.
மண்ணுக்குக் கீழே மூன்று விரல்,
வேரின் கழுத்து இருக்கும் இடம்,
அங்கே விழணும் மண்வெட்டி.
பிறகு பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்க்கணும்,
வேர் வானத்தைப் பார்க்க.
கார்டு ஜெபசிங் சொல்லித்தந்தது இவ்வளவுதான்.
முள் கிழித்த இடத்தில் என்ன பூசுவதென்று
சொல்லவில்லை.

அனவன்குடியிருப்பிலிருந்து பதினொரு பேர்.
முண்டந்துறையில் வேன் இறக்கிவிடும்.
காலையில் குனிந்தால் கஞ்சிக்குத்தான் நிமிர்வோம்.

"எதுக்குக்கா இம்புட்டுப் பாடு?"
சுடலைவடிவு கேட்டாள்.
உண்ணி போனால் புல் வரும்,
புல் வந்தால் புள்ளிமான் வரும், மிளா வரும்,
அது வந்தால்...
ஜெபசிங் அதோடு நிறுத்திக்கொண்டார்,
என் முகத்தைப் பார்த்து.

போன தை மாதம்
என் இரண்டு வெள்ளாடுகள். ஒன்று சினை.
தடம் பார்க்க வந்தவர் அவர்தான்.
"செந்நாய்" என்று அவர் எழுதிய தாளில்
முப்பிடாதி என்று நான் கையெழுத்துப் போட்டேன்.
பணம் இன்னும் அம்பாசமுத்திரம் தாண்டவில்லை.
இப்போது
தின்றவனுக்கே இலை போட
எனக்கு நாள்கூலி.

ஊர்நாய்க்கு வரும் சீக்கு
செந்நாய்க்கும் ஒட்டுமாம்.
ஊசி போட ஜீப்பில் வந்தார்கள்.
என் நாயின் வாயைத் துணியால் கட்டி
நான்தான் பிடித்திருந்தேன்.
அது நடுங்கியது என் முழங்கால்வரை வந்தது.

ரெண்டு மழை பெய்தது.
பிடுங்கிய இடத்தில் பேர் தெரியாத ஒரு புல்.
அதற்குள் இலந்தைக் கொட்டை அளவில் மிளாப் புழுக்கை.
மல்லன் காணி கையில் எடுத்து நசுக்கி
ஈரம் பார்த்தார்.

இன்று பதினொன்றரைக்கு விசில் கேட்டது.
கஞ்சிக்கென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு
முந்தானையில் கை துடைத்தோம்.
ஜெபசிங் எங்களைப் பார்த்தார்.
அவர் விசில் சட்டைப்பைக்குள்,
கயிறு மட்டும் வெளியே.

மறுபடியும்.
ஆற்றோரப் புதரிலிருந்து ஒன்று,
மேட்டிலிருந்து அதற்குப் பதில்.

மல்லன் காணி கையைத் தாழ்த்தினார்,
கொதிக்கும் பானையை மூடுவதுபோல.
உட்கார்ந்தோம்.
ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.
புல்தான் ஒரு கோடாக அசைந்துபோனது,
பிறகு அதுவும் இல்லை.
சுடலைவடிவின் நகம் என் கையில் பதிந்திருந்தது.

எனக்குள் எழுந்தது கோபமா,
பிரசவ அறைக்கு வெளியே நிற்கும்போது
வருமே, அதுவா,
இன்னும் பிடிபடவில்லை.

ஜெபசிங் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தார்.
அது காதில் இருந்தது.
கஞ்சிக்கு இன்று விசில் ஊதவில்லை அவர்.
கையைக் காட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து
ஆட்டுக்கொட்டில் படலுக்கு
இரண்டாவது கயிறு கட்டினேன்.