வெள்ளெழுத்து

நோர்வுட் வளைவில் ஒரு வண்டு
இடக்கண்ணில் மோதிய அன்றுதான் முடிவெடுத்தேன்.
ஸ்கூட்டியை ஓரங்கட்டி
ஒரு கண்ணால் அழுதபடி
மறு கண்ணால் பள்ளத்தைப் பார்த்து நின்றேன்.

ஹட்டனில் நவ்ஃபரின் கடை.
"தூரமா கிட்டவா, எதப் பார்க்கணும் மிஸ்?"
ரெண்டும்தான்.
தூரத்தில் கொழுந்து லொறி,
கிட்டத்தில் எண்பத்தேழு பிள்ளைகளின் நிறை அட்டை.

வாசிக்கும் கண்ணாடிக்கு மேலே
மாட்டுகிற பெரிய கண்ணாடி ஒன்று தந்தான்.
கடை வாசலிலேயே மூச்சுப்பட்டு இரண்டும் வெளுத்தன.
மல்லியப்புப் பனி போதாதென்று
என் பங்குக்கு நானும் கொஞ்சம்.

அடுத்தது, கீழ்ப்பாதி முழுக்க வாசிப்பு வில்லை.
படி இறங்கினேன், படி எழும்பி வந்தது.
முன்சில்லுக்கு முன்னால் குழி இப்படி மிதந்தால்
நானும் யாரோ ஒருவர் அட்டையில்
ஒரு புள்ளி.

கடைசியில்
நிறமில்லாத, ஓரத்தில் ரப்பர் வைத்த கண்ணாடி.
இடப்பக்க மூலையில் மட்டும்
நகமளவு வாசிப்பு வில்லை ஒட்டிக் கொடுத்தான்.
"வேகம் பார்க்கவா மிஸ்?"
இந்த ஏற்றத்தில் என் வண்டிக்கு ஏது வேகம்.
நாலாயிரத்து எண்ணூறு. பாதி இன்று, பாதி சம்பளத்துக்கு.

தூறலில், ஹெல்மட் கழற்றாமல்,
லயத்து வாசலில் தலையைச் சாய்த்து
அட்டையை மூலைக்குக் கொண்டுவந்தேன்.
"கோழி பார்க்கிற மாதிரி இருக்கு!"
யோகமலர் சிரித்ததில் இடுப்புப் பிள்ளை குலுங்கியது.
ஆறு கிலோ இருநூறு.
போன மாதம் ஆறுதான்.
பென்சிலைத் தேடினேன்,
அது காதில் இருந்தது,
ஹெல்மட்டுக்குள்.